மூட்டையின் சாப்பாடும் அப்பாவின் துணி முடிச்சும்

அன்பு மகளுக்கு அப்பாவும் அம்மாவும் எழுதிக்கொள்வது, இங்கே வீட்டில் மூன்று பேரும் மூட்டையும் சுகம், மலை மேல் நீ எப்படி இருக்கிறாய் என்று நாலு வரி எழுதிப் போடு.

அக்கா, மேலே இருப்பது அப்பா சொன்னது, எழுதுகிற கை என்னுடையது. தன் கையெழுத்து மளிகைச் சீட்டுக்குத்தான் லாயக்கு என்கிறார். தான் சொல்ல ஆரம்பித்தால் நாலு வரியில் முடித்துவிடுவாராம், நடந்தது நாலு வரியில் அடங்காதாம், அதனால் நீயே உன் நோட்டைப் பார்த்து எழுது, எதையும் விடாதே, எனக்காக எதையும் மெழுகாதே, கடைசியில் நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். உன் அணைக்கட்டில் போன் பாதியிலேயே அறுந்துவிடுகிறது, சாமான் லாரியில் வரும் தபால்தான் முழுதாக வந்து சேரும், அதனால்தான் இவ்வளவு நீளக் கடிதம். மேலே சுகம் என்று இருக்கிறதே, அது செவ்வாய்க்கிழமை முதல் உண்மை. அதற்கு முன் மூன்று வாரம் உண்மை இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பயப்படாதே, மூட்டை இப்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறான், என் செருப்பின் வாரைச் சப்பிக்கொண்டு.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குத் தையல் ஆலையில் இடம் மாற்றிவிட்டார்கள், இப்போது அவள் கழுத்துப்பட்டை மட்டும் பார்க்கிறாள், ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை. தெருவில் போகிறவர்களின் கழுத்தைப் பார்த்துத் தையல் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டாள், கூடப் போக எனக்கு வெட்கமாக இருக்கிறது. குழாய் இன்னும் ஒழுகுகிறது. நூலகத்தில் எனக்கு மூன்று புத்தகத்துக்குப் பதில் ஐந்து தருகிறார்கள், நூலகர் என்னைக் கரையான் என்று கூப்பிடுகிறார். நீ மின்கம்பத்தில் ஏறும்போது கையுறை போடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள், போடுகிறேன் என்று சும்மா எழுதக் கூடாதாம், எந்த நிறக் கையுறை என்று எழுத வேண்டுமாம்.

இனி மூட்டை. உன் நாயை நீ எங்களிடம் விட்டுப் போன பிறகு அவன் பாக்கெட் உணவைத் தொட மாட்டேன் என்றான், தொட்டாலும் உடம்பெல்லாம் சொறிந்துகொண்டான், அதெல்லாம் உனக்குத் தெரியும். வீட்டில் சமைத்துப் போடலாமா என்று கால்நடை டாக்டரம்மாவிடம் கேட்டோம். போடலாம், ஆனால் கைக்கு வந்தபடி போடக் கூடாது என்று சொல்லி ஒரு தாள் முழுக்க எழுதிக் கொடுத்தார். எனக்கு அந்தத் தாள் ஒரு கதைப் புத்தகத்தைவிடப் பிடித்துவிட்டது. நாய் என்றால் கறி போட்டால் போதும் என்றுதானே நாம் நினைத்துக்கொண்டிருந்தோம், அது தப்பாம். காட்டில் இரை பிடிக்கிற மிருகம் எலும்பையும் ஈரலையும் சேர்த்துத் தின்கிறது, நாம் எலும்பில்லாத கறியாக வாங்கிப் போட்டால் சுண்ணாம்புச் சத்து எங்கிருந்து வரும்? சாப்பாட்டில் வராவிட்டால் உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளுமாம். அதைக் கேட்டு இரண்டு நாள் நான் என் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் எலும்பையே வேகவைத்துப் போடலாமே என்றால் அதுவும் கூடாது, வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழித்துவிடும். அதற்குத்தான் முட்டை ஓடு. அப்பா கேன்டீனிலிருந்து ஒரு பை நிறைய ஓடு கொண்டுவந்தார், கழுவி, வாணலியில் வறுத்து, மிக்சியில் மாவு மாதிரி அரைத்தோம். மறுநாள் அதே மிக்சியில் அம்மா காபிக்கொட்டை அரைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, எனக்கும் எலும்பு பலமாகட்டும் என்று நினைத்தீர்களா என்று கேட்டாள்.

மூட்டை பதினெட்டு கிலோ. அவனுக்கு ஒரு நாளைக்கு எலும்பில்லாத கோழிக்கறி இருநூற்றைம்பது கிராம், ஈரல் இருபது கிராமுக்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் ஈரலில் இருக்கும் ஒரு வைட்டமின் அதிகமானால் அதுவே கெடுதல். குழைந்த சோறு ஒன்றரைக் கப், பூசணியும் கேரட்டும் ஒரு கைப்பிடி, ஒரு முட்டை, ஒரு ஸ்பூன் எண்ணெய், முட்டை ஓட்டு மாவு அரை டீஸ்பூன், டாக்டரம்மா கொடுத்த சத்துப்பொடி ஒரு சிட்டிகை, வாரத்தில் இரண்டு நாள் கறிக்குப் பதில் மீன். உப்பு வேண்டாம், காரம் வேண்டாம். தாளின் அடியில் கோடு போட்டு, கொடுக்கவே கூடாதவை என்று வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எல்லாம் எழுதியிருந்தது. அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் நான்தான் ஒட்டினேன். ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்தேன், நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன், வாரம் ஒரு நாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நானே எடை மெஷினில் நின்று, பிறகு என் எடையைக் கழித்தேன். இதில் அவன் எடை மாறவில்லை, நான் இரண்டு கிலோ ஏறியது மட்டும் தெரிந்துபோனது. பத்து நிமிடத்தில் எத்தனை முறை சொறிகிறான் என்றும் எண்ணினேன், முப்பத்தொன்றிலிருந்து நான்குக்கு வந்தது. முடி பளபளவென்று ஆனது. அப்பா என்னைக் கணக்குப்பிள்ளை என்று கேலி செய்தார், ஆனால் கேன்டீனில் எல்லோரிடமும் என் நோட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

நாற்பத்தொன்றாம் நாள் மூட்டை கிண்ணத்தில் ஒரு பிடிச் சோற்றை மிச்சம் வைத்தான். மறுநாள் இரண்டு பிடி. டாக்டரம்மாவைக் கேட்டால், சில நாள் அப்படித்தான், எடை குறையாவிட்டால் விட்டுவிடுங்கள் என்றிருப்பார். ஆனால் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருஷமாகக் கேன்டீனில் சமைக்கிறார், திரும்பி வருகிற தட்டைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்ததில்லை. யார் எவ்வளவு மிச்சம் வைத்தார் என்று பார்த்துவிட்டு மறுநாள் பக்குவத்தை மாற்றுவார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது தட்டில் ஒரு கவளம் இருந்தால்கூட எழுந்திருக்க விட மாட்டாராம், நீ கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய்ச் சன்னல் வழியாகத் துப்புவாயாம், அம்மா நேற்றுத்தான் இதைச் சொன்னாள். அந்த மனிதர் முன்னால் ஒரு நாய் இரண்டு பிடி மிச்சம் வைத்துவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து கிண்ணம் கழுவி வைத்தது போல் ஆனது. எப்படி என்று நான் கேட்டேன், கைமணம் என்றார். நானும் நோட்டில் 'மிச்சம் இல்லை' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன். ஒரு நாள் கூட விடாமல் பதினேழு நட்சத்திரம் போட்டேன், அக்கா.

அந்தப் பதினேழு நாளில்தான் மூட்டை மாடிப்படியில் நிற்க ஆரம்பித்தான். நம் வீட்டுக்கு நாற்பத்தெட்டுப் படி. முன்பெல்லாம் நாம் இரண்டாம் மாடியைத் தொடுவதற்குள் மேலே போய்க் கதவைப் பிறாண்டுவான். இப்போது ஒரு முறை நின்றான், பிறகு மூன்று முறை, பிறகு ஒவ்வொரு வளைவிலும். நான் எண்ணி எண்ணி எழுதினேன். வெயில் என்று நினைத்தேன், வயதாகிறதோ என்று நினைத்தேன், உன் ஞாபகமாக இருக்கும் என்று ஒரு பக்கமே எழுதி வைத்தேன், அந்தப் பக்கத்தைப் படிக்க இப்போது கூச்சமாக இருக்கிறது. கண்டுபிடித்தது அம்மா. ஒரு சனிக்கிழமை அவன் கொட்டாவி விட்டபோது குனிந்து பார்த்து, இவன் ஈறு ஏன் வெளுத்த துணி மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். அறுநூறு கழுத்துப்பட்டை பார்க்கிற கண் அல்லவா. கீழே கூட்டிப் போனால் மூத்திரம் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. அப்பா கேன்டீனில் இருந்தார். நானும் அம்மாவும் அவனைப் போர்வையில் வைத்து இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்தார். நல்ல நாய்க்கு நூற்றுக்கு நாற்பது பங்காவது சிவப்பணு இருக்க வேண்டுமாம், இவனுக்குப் பத்தொன்பது. ஒரு சொட்டு ரத்தத்தில் சாயம் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, என்னையும் பார்க்கச் சொன்னார். பயமாகத்தான் இருந்தது, ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வட்ட வட்டமாகச் சிவப்பணுக்கள், அதன் ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன மொட்டு, பரு கிளம்பிய மாதிரி. மொட்டு வந்த அணுவை உடம்பு தானே உடைத்துப் போட்டுவிடுகிறதாம். பெரும்பாலும் வெங்காயமோ பூண்டோ தொடர்ந்து தின்கிற நாய்க்குத்தான் இப்படி வரும் என்று சொன்னார். வெங்காயம் எங்கள் வீட்டில் இவன் இருக்கும் பக்கமே போகாது என்று அம்மா அடித்துச் சொன்னாள். நான் நோட்டை நீட்டினேன். அவர் ஐம்பத்தொன்பது நாளையும் பொறுமையாகப் புரட்டினார். பிறகு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நோட்டு நல்லா இருக்கும்மா. ஆனா இது தாளைப் பார்த்து எழுதின நோட்டு. இன்னைக்குச் சாயங்காலம் கையைப் பார்த்து எழுதிட்டு எனக்குப் போன் பண்ணு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் தராசில் வைப்பதை மட்டும்தான் எழுதியிருந்தேன். தராசை விட்டு இறங்கிப் பாத்திரத்துக்குள் போன பிறகு என்ன நடந்தது என்பதற்கு என் நோட்டில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது, 'வேகவைத்தது', அதற்குப் பக்கத்தில் ஒரு டிக்.

சாயங்காலம் நாலு மணிக்கு அப்பா வழக்கம் போல அடுப்பைப் பற்ற வைத்தார். வந்ததும் மூட்டையின் தலையைத் தடவினார், ஈறைப் பார்த்தார். டாக்டரம்மா என்ன சொன்னார் என்று அம்மா சொல்லியிருந்தாள், வெங்காயம் என்றும் சொல்லியிருந்தாள், அப்பா நிஜமாகவே யோசித்துவிட்டு இல்லை என்று தலையை ஆட்டினார், குப்பையில் எதையாவது கிளறியிருப்பான் என்றார். நான் முக்காலியில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தேன். இது என்ன பரீட்சையா என்று கேட்டுவிட்டு வேலையில் மூழ்கிவிட்டார். நான் எழுதினேன்: தண்ணீர் ஒரு செம்பு. கறி கழுவி இட்டார். மூடினார். நுரையை எடுத்தார். பிறகு அவர் வலது கை, அவர் பார்க்காமலேயே, அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பின்னால் போனது, ஒரு வெள்ளைத் துணி முடிச்சை எடுத்துப் பாத்திரத்தில் போட்டது. மூட்டையின் வாய்க்குள் நாம் மாத்திரை போடுகிற மாதிரி அவ்வளவு இயல்பாக. நானும் எழுதினேன்: துணி முடிச்சு ஒன்று. எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்தேன். இதற்குள் என்ன என்று கேட்டேன். வாசனை என்றார். வாசனைக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்றேன். அப்பா ரொம்ப சந்தோஷமாக எனக்கு விளக்கினார். கேன்டீனில் சிலருக்கு வெங்காயம் வாயில் தட்டுப்பட்டால் பிடிக்காதாம், ஆனால் வெங்காயம் இல்லாவிட்டால் ருசியில்லை என்று தட்டைத் திருப்பி அனுப்புவார்களாம். அவர்களுக்காக ஒரு முழு வெங்காயத்தை நறுக்கித் துணியில் முடிந்து கொதியில் போட்டு, வெந்ததும் முடிச்சைத் தூக்கி எறிந்துவிடுவார், ஒரு துண்டுகூட உள்ளே விழாது, இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவர்கூடக் கண்டுபிடித்ததில்லை. சொல்லிக்கொண்டே கரண்டியால் முடிச்சை ஒரு அமுக்கு அமுக்கினார்.

பென்சில் என் கையில்தான் இருந்தது, அக்கா. 'வெங்காயம் ஒன்று, துணியில்' என்று எழுதி நோட்டைத் திருப்பிக் காட்டினேன். அப்பா நோட்டைப் பார்த்தார், ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளைப் பார்த்தார். அந்தத் தாளை அவர் தினமும் பார்க்கிறார். வெங்காயம் கூடாது என்றால் வெங்காயத் துண்டு கூடாது என்றுதான் அவருக்கு அர்த்தம், அவர் தொழிலில் அதற்கு அதுதான் அர்த்தம். அம்மா டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். துண்டில் மட்டும் இல்லை, சாற்றிலும் இறங்கும், வேகவைத்தாலும் காயவைத்தாலும் பொடி செய்தாலும் போகாது, தினம் கொஞ்சம் என்றாலும் சேர்ந்துகொண்டே போகும் என்று அவர் சொன்னது எங்கள் மூவருக்கும் கேட்டது. அப்பா அடுப்பை அணைத்தார். பாத்திரத்தை அப்படியே தொட்டியில் கவிழ்த்தார். என் முக்காலியில் உட்கார்ந்தார், தன் கையைப் பார்த்தார். "மிச்சம் வெச்சுட்டானேன்னுதான்" என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிறு, நீ போன் பண்ணினாய். மூட்டை எப்படி இருக்கிறான் என்று கேட்டாய், அப்பா ராஜா மாதிரி இருக்கிறான் என்றார். அப்போது மூட்டை மேசைக்கு அடியில் கிடந்தான், உன் குரல் கேட்டதும் தலையைத் தூக்க முடியாமல் வாலை மட்டும் இரண்டு முறை தரையில் அடித்தான். அந்தச் சத்தம் உனக்குக் கேட்டு நீ சிரித்தாய். லைன் அறுந்த பிறகு அம்மா அப்பாவைப் பார்த்தாள். பெரியவள் கம்பத்தின் மேல் நின்று வேலை பார்க்கிறவள், மனசு இங்கே வந்துவிட்டால் கால் தவறாதா என்று அப்பா சொன்னார். அது ஒரு காரணம், இன்னொரு காரணம் உங்களுக்கே தெரியும் என்றாள் அம்மா. அந்த இன்னொரு காரணம் எனக்கும் தெரியும். அடுத்த மாதம் உன் குடியிருப்பில் நாய் வைத்துக்கொள்ள அனுமதி வருகிறது, இங்கே நன்றாக இருந்தால் இங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் லாரியில் அனுப்புங்கள் என்று நீதானே சொல்லியிருந்தாய். அன்று மதியம் அப்பா சாப்பிடவில்லை. அவர் தட்டு முழுதாகத் திரும்பியது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மாதிரி அம்மா மூடி வைத்தாள்.

அதற்குப் பிறகு தன் கை பட வேண்டாம் என்று அப்பா ஒதுங்கிவிட்டார். நானும் அம்மாவும் சமைத்தோம். ஆனால் நாற்பத்தெட்டுப் படியிலும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கியது, ஏறியது எல்லாம் அப்பாதான், ஒரு நாளைக்கு மூன்று தடவை, விடிகாலையிலிருந்து கேன்டீனில் நின்று வந்த காலோடு. கேட்டால், பேர் மூட்டைதானே, தூக்கத்தானே வேண்டும் என்பார். ஒரு வாரம் கழித்து ரத்தம் பார்த்தோம், இருபத்திரண்டு. புது அணுக்கள் வருகின்றன என்று டாக்டரம்மா காட்டினார், அவை பழையவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக, சாயத்தில் வேறு நிறமாகத் தெரிந்தன, பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் மாதிரி. உடம்பு தானே இவ்வளவு வேகமாகச் செய்துகொள்கிறது என்று யாரும் எனக்கு இதுவரை சொல்லவில்லை. அடுத்த வாரம் இருபத்தொன்பது. இந்தச் செவ்வாய்க்கிழமை முப்பத்தெட்டு. நாற்பதைத் தொட இன்னும் இரண்டுதான், இனிக் கவலை இல்லை என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் மூட்டை படியில் ஒரே ஒரு முறை நின்றான், அதுவும் மூன்றாம் வீட்டுப் பூனையைப் பார்க்க.

ஆனால் இதற்கு நடுவில் நாங்கள் சமைத்ததை அவன் முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான், உடம்பு தேற வேண்டிய நேரத்தில் எடை குறைந்தது. டாக்டரம்மா அப்பாவை வரச் சொல்லி, சமைக்கத் தெரிந்த ஆள் வீட்டில் இருக்கும்போது இந்தப் பிள்ளையை ஏன் வதைக்கிறீர்கள் என்று கேட்டார். ருசிக்கு வழி கேட்டால், கொஞ்சம் வெதுவெதுப்பாகப் போடுங்கள், மீன் வேகவைத்த வெறும் தண்ணீர் இரண்டு ஸ்பூன் ஊற்றுங்கள், அதற்கு மேல் பசியை நம்புங்கள் என்றார். இப்போது அப்பா சமைக்கிறார், நான் முக்காலியில். கேன்டீனில் ஆர்டர் சொல்கிற மாதிரி ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன் உரக்கச் சொல்வார், நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் போடுவார். மாவு அரை, என்பார். மாவு அரை, என்பேன். கீழ் வீட்டுக்காரர், உங்கள் வீட்டில் ஓட்டல் திறந்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

நேற்று மூட்டை கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் சோற்றை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். அப்பா கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் கை கொஞ்சம் அலமாரிப் பக்கம் போனதையும் நான் பார்த்தேன், நோட்டில் எழுதவில்லை. பிறகு குழாயைத் திறந்து கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார். கழுவி முடித்துவிட்டுத்தான், அக்காவுக்கு எழுது, எல்லாவற்றையும் எழுது என்றார்.

டாக்டரம்மாவின் தாளை அப்படியே படி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், கீழே வெங்காயம் என்ற இடத்தில் 'சாறும் கூடாது, துணியில் கட்டினாலும் கூடாது' என்று சிவப்பில் சேர்த்திருக்கிறேன். நீ அவனை வரச் சொல்லிவிட்டால் இது உனக்கு வேண்டும். இங்கேயே இருக்கட்டும் என்றால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு சொல் போதும். எனக்கு எது வேண்டும் என்று எழுதினால் அது உன்னைக் கட்டிப்போடுவது மாதிரி ஆகிவிடும், எழுதாதே என்று அப்பா சொல்லிவிட்டார், அதனால் எழுதவில்லை. அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, கையுறையின் நிறத்தை மறக்காதே. முழுவதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரியையும் அடிக்கச் சொல்லவில்லை, பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டார். இனி அவர் கை.

மகளே. ராஜா மாதிரி இருக்கான்னு சொன்னது பொய். படுத்துக் கிடந்தான். என் கையாலதான். தங்கச்சி எழுதினது எல்லாம் நிஜம். நீ முடிவு பண்ணு, எதுன்னாலும் அப்பாவுக்கு வருத்தம் இல்லை. நல்லா இரு. வேளைக்குச் சாப்பிடு. தட்டுல மிச்சம் வெச்சாலும் பரவாயில்லை.

அப்பா